செவ்வாய்ப் பயணியின் உடலில் ஏறும் கதிர்வீச்சு: அளந்து அறிந்தவையும் அறிய வேண்டியவையும்

2011 நவம்பர் 26 அன்று கியூரியாசிட்டி ஊர்தியை ஏந்திக்கொண்டு செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட விண்கலத்துக்குள், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையில் ஒரு சிறு கருவி இருந்தது. அதன் பெயர் 'ராட்'. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனமும் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. செவ்வாயின் தரையில் கதிர்வீச்சை அளப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியை, தரையிறங்கும்வரை சும்மா வைத்திருக்கவில்லை. புறப்பட்ட பத்தாம் நாளே இயக்கிவிட்டார்கள். வெப்பக் கவசமும் எரிபொருள் கலன்களும் சூழ, ஒரு மனிதர் கலத்துக்குள் உட்கார்ந்து போனால் எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, ஏழு மாதத்துக்கு மேல் அது துகள்களை எண்ணிக்கொண்டே போனது.

அந்தக் கணக்கு 2013இல் வெளியானது. ஒரு நாளைக்கு 1.84 மில்லிசீவர்ட். போக 180 நாள், வர 180 நாள் என்று வைத்துக்கொண்டால், பயணத்தில் மட்டும் ஏறக்குறைய 660 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாக ஒருவருக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நாம் ஓராண்டில் வாங்குவதைச் செவ்வாய்ப் பயணி ஒன்றரை நாள் முடிவதற்குள் வாங்கிவிடுகிறார்.

இந்த எண்ணைப் பார்த்து அஞ்சுவோரும் உண்டு, இதெல்லாம் தாங்கக்கூடியதுதான் என்போரும் உண்டு. இரு தரப்பும் இதே எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால், ஒற்றை எண்ணை வைத்து ஒரு மனிதரின் உயிரைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. எந்தத் துகள், எந்த நேரத்தில், உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு ஆற்றலைக் கொட்டியது என்பதையெல்லாம் அறிந்தால்தான் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே முடியும். இந்த அளவீடுகள் எதுவரை வந்திருக்கின்றன, எங்கே நிற்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று ஊற்றுகள்

விண்வெளிக் கதிர்வீச்சு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, விண்மீன் மண்டலத்தின் ஆழத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஓயாமல் பாயும் காஸ்மிக் கதிர்கள். இவை 1912இல் கண்டறியப்பட்டன. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தபோது, உயரம் கூடக்கூடக் கதிர்வீச்சும் கூடியது. அது தரையிலிருந்து வருவதல்ல, வானிலிருந்து வருவது என்று அவர் முடிவு சொன்னார். அதற்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார். இக்கதிர்களில் உள்ள அணுக்கருக்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு ஹைட்ரஜன், 12 விழுக்காடு ஹீலியம். மிச்சம் ஒரு விழுக்காட்டில் கார்பன், ஆக்சிஜன் முதல் இரும்பு வரை உள்ள கனமான அணுக்கருக்கள் அடங்கும். இந்த ஒரு விழுக்காடுதான் மருத்துவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது, சூரியன் சீறும்போது வெளிப்படும் துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள். எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வந்தால் சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை நீடிக்கும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இவை அதிகம். அதே ஆண்டுகளில் சூரியனின் காந்தப்புலம் வலுவாக இருப்பதால் காஸ்மிக் கதிர்கள் குறையும். சூரியன் அடங்கியிருக்கும்போது இது தலைகீழாகும். ஆக, முழுக்கப் பத்திரமான பயணக் காலம் என்று ஒன்று நாட்காட்டியில் இல்லை.

மூன்றாவது, பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் துகள்களால் ஆன வான் ஆலன் பட்டைகள். இவற்றைக் கண்டுபிடித்த கதையில் அளவீட்டுத் துறைக்கே ஒரு பாடம் இருக்கிறது. 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளில், ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் ஒரு கெய்கர் கருவியை வைத்திருந்தார்கள். தாழ்வான பகுதிகளில் அது எதிர்பார்த்தபடி துகள்களை எண்ணியது. உயரமான பகுதிகளில் சில நேரம் சுழியம் காட்டியது. விண்வெளியில் அவ்வளவு உயரத்தில் கதிர்வீச்சே இல்லாமல் போகுமா? குழுவிலிருந்த கார்ல் மெக்கில்வைன் அதே வகைக் கருவியை எக்ஸ்ரே எந்திரத்தின் முன் வைத்துச் சோதித்தார். துகள்கள் மிக அதிகமாகப் பாயும்போது கருவி திணறி, எண்ணுவதையே நிறுத்திவிடுகிறது என்று தெரிந்தது. சுழியம் காட்டிய இடத்தில்தான் கதிர்வீச்சு மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. மார்ச் மாதம் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர்-3 அதை உறுதிசெய்தது. எண் என்ன என்று கேட்பதோடு, கருவி அந்த எண்ணை எப்படித் தந்தது என்றும் கேட்க வேண்டும் என்பதை இத்துறை தன் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டது.

எதை அளக்கிறோம்

உடலின் ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே. இது இயற்பியல் அளவு. கருவியால் நேரடியாக அளக்கக்கூடியது. ஆனால் ஒரே அளவு ஆற்றலைக் கொட்டினாலும் எல்லாத் துகளும் ஒரே தீங்கைச் செய்வதில்லை. ஒரு மணி நேரத் தூறலும் ஐந்து நிமிடக் கல்மழையும் ஒரே அளவு நீரை இறக்கலாம். வாழைத்தோட்டத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்ரேயின் ஆற்றல் திசுவில் பரவலாகச் சிதறுகிறது. கனமான அணுக்கரு, தான் போகும் மெல்லிய தடத்தில் ஆற்றலை நெருக்கமாகக் கொட்டி, டிஎன்ஏவின் இரு இழைகளையும் ஒரே இடத்தில் அறுத்துவிடக்கூடும். அப்படி அறுந்ததைச் செல்லால் சரியாகப் பழுதுபார்க்க முடிவதில்லை.

ஒரே வேகத்தில் போகும் இரு துகள்களில், ஆற்றலைக் கொட்டும் வீதம் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்பின் மின்னூட்டம் 26. எனவே ஓர் இரும்பு அணுக்கரு ஒரு புரோட்டானைப்போல் 676 மடங்கு ஆற்றலைத் தன் தடத்தில் விடுகிறது. எண்ணிக்கையில் அற்பமாக இருக்கும் கனமான கருக்கள் தீங்கில் பெரும்பங்கு வகிப்பது இதனால்தான்.

ஆகவே, கிரே அளவைத் துகளின் தன்மைக்கேற்ற ஒரு தரக்காரணியால் பெருக்கிச் சீவர்ட் என்ற அலகைப் பெறுகிறார்கள். எக்ஸ்ரேக்கு அந்தக் காரணி 1. செவ்வாய்ப் பயணத்தில் ராட் கண்ட சராசரி 3.82. அதாவது நாளொன்றுக்கு 0.48 மில்லிகிரே அளந்து, அதை 3.82ஆல் பெருக்கித்தான் 1.84 மில்லிசீவர்ட் என்ற விடை வந்தது. விடையின் ஒரு பாதி கருவியின் அளவீடு, மறு பாதி உயிரியல் பற்றிய நம் தற்போதைய புரிதல். முன்னது துல்லியமானது, பின்னது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. விண்வெளிக் கதிர்வீச்சு பற்றிய எந்தச் சீவர்ட் எண்ணைப் படித்தாலும் இதை மறக்கக் கூடாது.

படிகம், பிளாஸ்டிக், குமிழி, சிலிக்கான்

நம் மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுப்பவர்கள் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்த்திருப்போம். அதற்குள் இருப்பது கதிர்வீச்சின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் படிகம். பின்னர் சூடாக்கினால், பிடித்துவைத்த அளவுக்கு ஏற்ப ஒளிரும். அதே படிகங்கள்தான் விண்வெளியிலும் நெடுங்காலமாக உழைக்கின்றன. மின்சாரம் வேண்டாம், எடை மிகக் குறைவு. ஆனால் வீரர்கள் பூமிக்குத் திரும்பிய பிறகு ஆய்வகத்தில்தான் கணக்குத் தெரியும். இந்தக் குறையை ஹங்கேரியினர் தீர்த்தார்கள். அவர்களின் 'பில்லே' கருவி படிகத்தை விண்கலத்திலேயே சூடாக்கிப் படித்துவிடும். 1980இல் பெர்தலான் ஃபர்காஸ் அதை சல்யூத்-6 நிலையத்துக்குக் கொண்டுபோனார். 1984இல் சாலி ரைட் சேலஞ்சர் விண்ணோடத்தில் பயன்படுத்தினார். பனிப்போர்க் காலத்தில் இரு தரப்பு விண்கலங்களிலும் பறந்த கருவி அது.

படிகம் மொத்த டோஸை, அதாவது ஏறிய கதிர்வீச்சின் அளவைச் சொல்லும்; எந்தத் துகள் என்று சொல்லாது. கனமான துகள்களை அது சற்றுக் குறைத்தும் மதிப்பிடும். அதனால் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் தகட்டையும் கூடவே வைக்கிறார்கள். கண்ணாடிக் கடைகளில் மூக்குக்கண்ணாடி வில்லையாக விற்கும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். கனமான அணுக்கரு அதைத் துளைத்துப் போனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம் உண்டாகும். தகட்டைச் சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால் காயம்பட்ட இடம் மட்டும் விரைவாக அரிக்கப்பட்டு, நுண்ணோக்கியில் ஒரு குழியாகத் தெரியும். குழியின் அகலத்தையும் ஆழத்தையும் வைத்து, துளைத்துச் சென்ற துகள் எவ்வளவு ஆற்றலைக் கொட்டியது என்று கணிக்கலாம்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அதைப் பிடிப்பது தனிச் சிக்கல். விண்கலத்தின் சுவரில் காஸ்மிக் கதிர் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. கனடாவின் குமிழிக் கருவி இதற்கு எளிய வழி கண்டது. கூழ் நிரப்பிய விரல் நீளக் குழாய்க்குள் நுண்ணிய திரவத் துளிகள் மிதக்கும். நியூட்ரானின் தாக்கத்தால் துளி ஒன்று கொதித்துக் குமிழியாகி அங்கேயே நிற்கும். குமிழிகளை எண்ணினால் நியூட்ரான் அளவு தெரியும். ராபர்ட் தர்ஸ்க் 2009இலும், கிறிஸ் ஹாட்ஃபீல்ட் அதன் பின்னரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதை வைத்து அளந்தார்கள். நிலையத்துக்குள் வீரர் பெறும் டோஸில் ஏறக்குறைய 30 விழுக்காடு நியூட்ரான்களால் வருகிறது என்று தெரிந்தது. சுவர் தடுக்கும் என்று நம்பி உள்ளே இருப்பவருக்கு, சுவரே ஒரு பங்கைப் பிறப்பித்துக் கொடுக்கிறது.

ஒவ்வொரு துகளையும் அதே நொடியில் அடையாளம் காட்டுவன சிலிக்கான் கருவிகள். ராட் அந்த வகை. அதன் மேலே அடுக்கடுக்காக மூன்று சிலிக்கான் தகடுகள், கீழே சீசியம் அயோடைடு படிகம், அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் ஒளிர்பொருள். மேலிருந்து வரும் துகள் ஒவ்வொரு தகட்டிலும் எவ்வளவு ஆற்றலை விட்டது, எங்கே நின்றது என்பதை ஒப்பிட்டு அது புரோட்டானா, ஹீலியமா, இரும்பா என்று பிரித்தறியலாம். தகடுகளில் எதுவும் பதியாமல் படிகத்திலோ பிளாஸ்டிக்கிலோ மட்டும் பதிந்தால், வந்தது காமா கதிர் அல்லது நியூட்ரான். இன்னொரு கிளை, செர்ன் ஆய்வகத்தின் துகள் இயற்பியலிலிருந்து பிறந்த டைம்பிக்ஸ் சில்லு. கேமராச் சில்லைப்போல் நுண்ணிய கட்டங்களால் ஆன அதில், ஒவ்வொரு துகளின் தடமும் ஒரு படமாகவே விழும். 2012 முதல் இது விண்வெளி நிலையத்தில் இயங்கியது. நிலவுப் பயணத்துக்கான ஓரியன் விண்கலத்தின் எச்சரிக்கைக் கருவியும் இதை அடிப்படையாகக் கொண்டதே.

இத்தனை கருவிகளும் ஒரே இடத்தில் ஒரே விடையைச் சொல்லுமா? இதற்காகவே 2002இல் தொடங்கி, ஜப்பானின் சிபா நகரில் உள்ள கனஅயனி முடுக்கியில் பல நாட்டுக் கருவிகளைத் தெரிந்த கற்றையின் முன் நிறுத்தி ஒப்பிட்டார்கள். செய்தித்தாள்களில் இடம் பெறாத வேலை இது. ஆனால் ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாடு நம்புவதற்கு அடித்தளம் இதுதான்.

இடத்துக்கு இடம்

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் காந்தப்புலம் அங்கேயும் பெரும் காவல். தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வான் ஆலன் பட்டை தாழ்ந்து வரும் பகுதியை நிலையம் கடக்கும் சில நிமிடங்களில் மட்டும் டோஸ் எகிறுகிறது. நாள் கணக்கில் பார்த்தால் அரை மில்லிசீவர்ட் முதல் முக்கால் மில்லிசீவர்ட் வரை.

நிலவுக்குப் போனால் அந்தக் காவல் இல்லை. அப்பல்லோ வீரர்கள் ஒவ்வொருவரும் தனிப்பட்ட டோஸ் கருவியை அணிந்திருந்தார்கள். ஆனால் அவை பயணம் முழுவதற்குமான மொத்தத்தையே சொன்னன. நிலவின் தரையில் மட்டும் எவ்வளவு என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக நேரடி விடை இல்லை. 2009இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலத்தில் இருந்த கிரேட்டர் கருவி, மனிதத் திசுவை ஒத்த பிளாஸ்டிக்கை நடுவே வைத்து, நிலவைச் சுற்றியபடி அளந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-1இல் பல்கேரிய அறிவியல் கழகத்தின் ராடம் கருவி இருந்தது. பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் வான் ஆலன் பட்டைகளைக் கடந்தபோதும், நிலவைச் சுற்றியபோதும் ராடம் தொடர்ந்து அளந்தது. அதன் முன்னோடியான லியூலின் கருவி 1988இல் மிர் நிலையத்தில் பறந்தது.

தரையில் நேரடி விடை 2019இல்தான் வந்தது. ஜனவரி 3 அன்று நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்'அ-4 கலத்தில், கீல் பல்கலைக்கழகம் செய்த எல்என்டி கருவி இருந்தது. ஒரு நாளைக்கு 1,369 மைக்ரோசீவர்ட் என்று அது அளந்தது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர் பெறுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். அந்த டோஸின் ஒரு பகுதி மேலிருந்து வரவில்லை. காஸ்மிக் கதிர் மண்ணில் மோதி நியூட்ரான்களைக் கிளப்ப, காலடியிலிருந்தும் வந்தது.

செவ்வாயின் தரையில் ராட் கண்டது நாளொன்றுக்கு 0.64 மில்லிசீவர்ட். பயணத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. கோளே பாதி வானத்தை மறைத்துக்கொள்கிறது. மெல்லிய வளிமண்டலமும் கொஞ்சம் தடுக்கிறது. 2016 செப்டம்பரில் கியூரியாசிட்டி, முர்ரே பியூட்ஸ் என்ற பகுதியில் செங்குத்தான ஒரு பாறைக்குன்றின் ஓரமாக நின்றபோது இன்னொரு செய்தி கிடைத்தது. குன்று வானத்தின் ஒரு பகுதியை மறைத்ததால் மொத்தக் கதிர்வீச்சு சுமார் 4 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய எண்தான். ஆனால் இயற்கையான பாறையின் நிழல் வேற்றுக்கோளில் எவ்வளவு காக்கும் என்பது அங்கேயே அளந்து சொல்லப்பட்டது. குகைக்குள்ளோ மண்மேட்டுக்குக் கீழேயோ குடியிருப்பு அமைக்கும் திட்டங்களுக்கு இத்தகைய அளவீடுதான் ஆதாரம்.

உடலுக்குள் நுழைந்து அளத்தல்

சட்டைப்பையில் இருக்கும் கருவி தோலுக்கு அருகே உள்ளதைச் சொல்லும். எலும்பு மஜ்ஜைக்கும் குடலுக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு போகிறது? இதை அறிய மனித உருவ மாதிரிகளைச் செய்து, உறுப்புகள் இருக்க வேண்டிய இடங்களில் கருவிகளைப் பதித்தார்கள். 2004இல் விண்வெளி நிலையத்துக்கு வெளியே பொருத்தப்பட்ட 'மத்ரியோஷ்கா' என்ற உருவம் இவற்றுள் புகழ்பெற்றது. ஜெர்மன் விண்வெளி மையம் தலைமையேற்ற அந்த ஆய்வு ஒரு தெளிவான முடிவைத் தந்தது. நிலையத்துக்குள் இருக்கும்போது, சட்டையில் உள்ள கருவி உடலின் உண்மையான டோஸை ஏறக்குறைய 15 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது. வெளியே நடைபோடும்போதோ 200 விழுக்காட்டுக்கு மேல் கூட்டிச் சொல்கிறது. உடலின் தசையே உள்ளுறுப்புகளுக்குக் கவசமாகிறது என்பது பொருள். அளவி ஒன்றுதான், அணிந்தவர் நிற்கும் இடம் மாறினால் அதன் எண்ணுக்குரிய அர்த்தமும் மாறிவிடுகிறது.

2022 நவம்பர் 16 அன்று ஆள் இல்லாமல் நிலவைச் சுற்றிவரப் புறப்பட்ட ஆர்ட்டெமிஸ்-1 பயணத்தின் ஓரியன் கலத்தில் ஹெல்கா, ஸோஹர் என்ற இரு பெண்ணுருவங்கள் இருக்கைகளில் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 38 துண்டங்களை அடுக்கிச் செய்யப்பட்டது. எலும்பு, நுரையீரல், மென்திசு ஆகியவற்றின் அடர்த்தியை ஒத்த பிளாஸ்டிக். இரண்டிலுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு படிகங்களும் 34 மின்னணுக் கருவிகளும் பதிக்கப்பட்டிருந்தன. ஸோஹருக்கு இஸ்ரேலில் உருவான பாதுகாப்பு அங்கி அணிவித்தார்கள், ஹெல்காவுக்கு இல்லை. பெண்ணுருவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் வாய்ப்பு பெண்களுக்குக் கூடுதல். விண்வெளி மருத்துவத்தின் பழைய தரவுகளோ பெரும்பாலும் ஆண்களுடையவை.

அந்தப் பயணத்தின் கதிர்வீச்சு அளவீடுகள் 2024இல் வெளியாயின. வான் ஆலன் பட்டையைக் கடக்கும்போது, ஓரியன் கலத்துக்குள் கவசம் மிகுந்த இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் இடையே டோஸ் நான்கு மடங்குவரை வேறுபட்டது. பட்டையைக் கடந்துகொண்டிருக்கையில் கலம் திசை மாறித் திரும்பியது. அப்போது டோஸ் வீதம் சுமார் 50 விழுக்காடு சரிந்தது. கூடுதலாக ஒரு கிலோ கவசம்கூட ஏற்றாமல், கலத்தைத் திருப்பி நிறுத்துவதாலேயே பாதியைக் குறைக்கலாம் என்ற செய்தி, பொறியாளர்களுக்குப் பெரும் புதையல். அளக்காமல் இருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

சூரியன் சீறும்போது

1972 ஏப்ரலில் அப்பல்லோ-16 திரும்பி வந்தது. டிசம்பரில் அப்பல்லோ-17 புறப்பட்டது. இடையில் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சூரியனிலிருந்து மிகக் கடுமையான துகள் புயல் வீசியது. அந்த நாளில் நிலவின் தரையில் வெறும் விண்வெளி உடையோடு யாராவது இருந்திருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று பின்னர் செய்த கணக்குகள் சொல்கின்றன. அன்று காப்பாற்றியது திட்டமல்ல, தேதி.

இன்று நிலைமை வேறு. 2021 அக்டோபர் 28 அன்று வீசிய புயலின் துகள்கள் பூமி, நிலவு, செவ்வாய் ஆகிய மூன்றின் தரையிலும் ஒரே வேளையில் பதிவாயின. அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ 31 மில்லிகிரே அளந்தது. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு நோய் தொடங்குவதற்குச் சுமார் 700 மில்லிகிரே வேண்டும். 2024 மே 20 அன்று வெடித்த எக்ஸ்-12 வகைச் சூரியச் சீற்றத்தின்போது, செவ்வாயின் தரையில் ராட் 8,100 மைக்ரோகிரே பதிவுசெய்தது. தரையிறங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் அது கண்ட மிகப் பெரிய எழுச்சி. கியூரியாசிட்டியின் கேமராப் படங்களில் துகள்கள் மோதிய வெண்கோடுகளும் புள்ளிகளும் பனிப்பொழிவாகத் தெரிந்தன.

புயலின் விஷயத்தில் அளவீடு என்பது எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். ஒளிவேகத்தை ஒட்டி விரையும் எலக்ட்ரான்கள், தீங்கு செய்யும் புரோட்டான்களுக்கு முன்பே வந்து சேருகின்றன. சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ கலத்தின் எலக்ட்ரான் பதிவுகளை வைத்து, அதிகபட்சம் ஒரு மணி நேரம் முன்னதாகவே புரோட்டான் வரவைக் கணிக்க முடியும் என்று 2007இல் காட்டப்பட்டது. ஒரு மணி நேரம் போதுமா? நிலவில் ஊர்தியை விட்டு இறங்கி நடக்கும் ஒருவர் கலத்துக்குத் திரும்ப அது போதும். ஓரியனில் வீரர்கள் உணவு, தண்ணீர்ப் பைகளைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் ஒடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஹைட்ரஜன் மிகுந்த பொருள்கள் அலுமினியத்தைவிட நல்ல தடுப்பு. கலத்தின் நன்கு காப்பான பகுதியில் இருந்தால், மிகப் பெரிய புயலிலும் டோஸ் 150 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே நிற்கும் என்று ஆர்ட்டெமிஸ்-1 தரவுகள் சொல்கின்றன.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனைப் பார்க்கிறது. அதில் உள்ள ஆஸ்பெக்ஸ் கருவி சூரியக் காற்றையும் ஆற்றல் மிகுந்த துகள்களையும் பல திசைகளில் அளக்கிறது. ஊட்டியில் டாடா ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 மியூயான் தொலைநோக்கி, 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியின் காந்தக் காவலைத் தற்காலிகமாகத் தளர்த்தியதையும், அந்த இரண்டு மணி நேரம் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே புகுந்ததையும் பதிவுசெய்தது. நம் தலைக்கு மேலுள்ள காவலும் நிலையானதல்ல என்பதற்கு நீலகிரியிலிருந்தே கிடைத்த சான்று.

அளவிலிருந்து ஆபத்துக்கு

இயற்பியல் அளவீடுகள் வலுவாக நிற்கின்றன. 'இத்தனை மில்லிசீவர்ட் ஏறினால் இந்த மனிதருக்கு என்ன ஆகும்' என்ற கேள்விதான் இன்னும் தள்ளாடுகிறது.

புற்றுநோய் ஆபத்தைக் கணிக்க நம்மிடம் உள்ள பெரிய ஆதாரம் ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. அவர்கள் பெற்றது ஒரே நொடியில் பாய்ந்த காமா கதிர். விண்வெளி வீரர் பெறுவது மாதக்கணக்கில் மெல்ல ஏறும் கனமான துகள்கள். மெல்ல ஏறும் கதிர்வீச்சுக்கும் மனிதச் சான்று உண்டு. மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடலோர மக்களை நெடுநாள் கண்காணித்த ஆய்வில், அங்கு புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதுவும் பெரும்பாலும் காமா கதிர்தான். இரும்பு அணுக்கருக்களை மாதக்கணக்கில் வாங்கிய மக்கள்தொகை பூமியில் எங்கும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப, அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 2003 முதல் இயங்கும் நாசா ஆய்வகம் செல்களையும் எலிகளையும் கனஅயனிக் கற்றைக்கு உட்படுத்துகிறது. மூளையின் நினைவாற்றல், இதயக் குழாய்கள், கண்வில்லை ஆகியவற்றின்மேல் ஏற்படும் விளைவுகளும் ஆராயப்படுகின்றன. எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது அந்த ஆய்வர்களே அழுத்திச் சொல்வது.

மனித உடலையே அளவியாக்கும் வழியும் உண்டு. வீரரின் இரத்தத்தைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, வெள்ளணுக்களின் குரோமோசோம்களில் எத்தனை துண்டுகள் இடம் மாறி ஒட்டியுள்ளன என்று எண்ணுகிறார்கள். கருவி உடலுக்கு வெளியே என்ன நடந்தது என்று சொல்லும். இந்தச் சோதனை அந்த ஒருவரின் செல் என்ன பட்டது என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

வரம்புகளும் இந்தப் புரிதலுக்கு ஏற்ப மாறி வந்துள்ளன. நாசாவின் முந்தைய வரம்பு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வேறுபட்டது. அதனால் பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த நாட்களே விண்வெளியில் இருக்க முடிந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2021ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, பணிக்காலம் முழுவதற்கும் எல்லோருக்கும் 600 மில்லிசீவர்ட் என்று 2022இல் மாற்றினார்கள். ஐரோப்பாவும் ரஷ்யாவும் வைத்திருப்பது 1,000. இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் அனுமதி. அந்த உச்சவரம்பை ஒருவர் முப்பது ஆண்டுகள் விடாமல் எட்டினால்தான் 600 வரும்.

இப்போது முதல் எண்ணுக்கு வருவோம். போய்வர 660. செவ்வாயில் 500 நாள் தங்கினால் நாளுக்கு 0.64 வீதம் 320. மொத்தம் ஏறக்குறைய ஒரு சீவர்ட். நாசாவின் வரம்பை இது தாண்டிவிடுகிறது. பயணத்தை விரைவாக்கலாம், கவசத்தை மேம்படுத்தலாம், கலத்தைத் திருப்பலாம், மண்ணுக்கடியில் தங்கலாம். ஓரியனுக்குள் கோளிடைவெளியில் பதிவான டோஸ் வீதம் முந்தைய பதிவுகளைவிட 60 விழுக்காடுவரை குறைந்திருந்தது நல்ல செய்தி. ஆனாலும் காஸ்மிக் கதிர்களை முழுவதுமாகத் தடுக்கும் கவசம் எதையும் இன்றைய ராக்கெட் தூக்காது. ஒரு பங்கு ஆபத்து மிஞ்சத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை

இத்தொகுப்பிலிருந்து நான் எடுத்துச்சொல்ல விரும்பும் முடிவு ஒன்றுதான். கதிர்வீச்சு அளவியை விண்கலத்தில் இடம் மிஞ்சினால் வைக்கும் துணைக்கருவியாக நடத்தும் பழக்கம் ஒழிய வேண்டும். நிலவுக்கும் செவ்வாய்க்கும் ஆளின்றிப் போகும் ஒவ்வொரு கலமும், வருங்காலத்தில் ஆளோடு போகும் கலத்துக்கு முன்னோட்டம். சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் தரவு வேண்டும். பிறகு அளந்துகொள்ளலாம் என்று விட்ட ஆண்டு, பதினோரு ஆண்டுக்குப் பிறகே திரும்ப வரும்.

2040க்குள் நிலவுக்கு இந்தியரை அனுப்புவது நம் நாடு அறிவித்திருக்கும் இலக்கு. ககன்யான் அதன் முதற்படி. சந்திரயான்-1 காலத்தில் பல்கேரியாவின் கருவியை விருந்தாளியாக ஏற்றிச்சென்ற நாம், டிஎல்டி பேட்ஜ் முதல் ஆஸ்பெக்ஸ் வரை தேவையான அறிவைச் சொந்தமாகவே வைத்திருக்கிறோம். நிலவுக்குப் போகும் ஒவ்வோர் இந்தியக் கலத்திலும் நம்முடைய அளவி ஒன்று இருக்க வேண்டும். அதன் தரவு பிற நாடுகளின் தரவோடு ஒப்பிடப்பட வேண்டும். பொதுவில் வைக்கப்படவும் வேண்டும். துகளுக்கு நாட்டெல்லை தெரியாது. அதை அளந்த கணக்கையும் எல்லைக்குள் பூட்டி வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எண்கள் யாருடைய உடலைப் பற்றியவையோ அவருக்கு முதலில் தெரிய வேண்டும். எந்தத் தரக்காரணி, எவ்வளவு ஐயம், எந்த மக்களிடமிருந்து பெறப்பட்ட கணிப்பு என்பதை மறைக்காமல் சொல்லி, 'போகிறேன்' என்று அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும். ஆபத்து இல்லாத பயணத்தை யாராலும் தர முடியாது. ஆபத்தின் அளவை உண்மையாக எடுத்துச்சொல்வது முடியும். அதைச் செய்யாமல் ஒருவரை அனுப்புவது அறிவியலுக்கும் அழகல்ல, அறத்துக்கும் அழகல்ல.